மூன்று மெழுகுவர்த்தியும் ஒரு மன்னிப்பும்



நேற்று சாயங்காலம் பேத்தி வந்து, "தாத்தா, ஸ்கூல்ல செஞ்சு காட்டணும், ஒரு சயின்ஸ் சோதனை சொல்லிக் குடுங்க" என்றாள். கையில் மெழுகுவர்த்தியோடுதான் வந்தாள். அதைப் பார்த்ததும் பழைய வகுப்பு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பல வருஷமாகச் சொல்ல நினைத்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்தச் சோதனை மறந்திருக்காது. தட்டில் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்து, நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி, பற்றவைத்து, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பேன். சுடர் அணையும். தண்ணீர் உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று கரும்பலகையில் எழுதுவேன். நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எரியும்போது தண்ணி அவ்வளவா ஏறலையே, அணைஞ்சப்புறம்தானே விறுவிறுன்னு ஏறுது? வீட்ல மூணு மெழுகுவர்த்தி வெச்சுப் பார்த்தேன், இன்னும் கூட ஏறுச்சு. டம்ளர் அதேதானே சார், ஆக்சிஜன் எப்படிக் கூடும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "போர்டுல இருக்கறதை எழுது, மார்க் வரும். உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று ராத்திரி எங்கள் சமையலறையில் நானே மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. கவிழ்க்கும்போது டம்ளர் விளிம்பில் குமிழ்கள் வெளியேறியதையும் அன்றுதான் கவனித்தேன். சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது; உள்ளே இருக்கும் நீராவியும் தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், அதனால் ஏற்றமும் அதிகம். ஆக்சிஜனும் முழுசாகத் தீர்வதில்லை. ஓரளவு குறைந்தாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வேறு உண்டாகிறது.

மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பசங்க முன்னால் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து விளக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேன். அந்தப் பையன் அதற்கப்புறம் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நேற்று பேத்திக்கு நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. ஒன்று வைத்துப் பார், அப்புறம் மூன்று வைத்துப் பார், தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனி என்று மட்டும் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்து அவளே, "தாத்தா, ஓரத்துல குமிழி வருது பாருங்க" என்றாள்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். நெருப்பு, அதனால் பெரியவர்கள் கூடவே இருங்கள்.

தம்பி, இதை நீ படித்தால் உனக்கே தெரியும். அன்று நீ கேட்டது சரியான கேள்வி. சாரை மன்னித்துவிடு.