வெட்டாத படம்

குறும்படம் எடுக்க ஆசை, ஆனால் எடிட்டிங் தெரியாது என்று புலம்பும் ஆளா நீங்கள்? எடிட்டிங்கே இல்லாமலும் எடுக்கலாம். முதல் ஷாட்டை எடுத்து நிறுத்துங்கள். அடுத்ததை அதன் பின்னாலேயே எடுங்கள். கதை முடியும்வரை இப்படியே. ஒட்டு, வெட்டு, ரீடேக் எதுவும் கிடையாது. கேமராவில் எந்த வரிசையில் விழுந்ததோ அதுதான் படம்.

சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 1999-ல் லண்டனில் ஆரம்பித்த 'ஸ்ட்ரெய்ட் 8' என்ற போட்டியே இதற்காகத்தான். ஒரு படத்துக்கு ஒரே ஒரு சூப்பர் 8 பிலிம் சுருள். நீளம் 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி வரும். எடுத்த சுருளைக் கழுவாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும். ஒலியைத் தனியாகத் தரவேண்டும், அதுவும் படத்தைப் பார்க்காமலே! தேர்வானால், எடுத்தவரே முதன்முதலில் அதைப் பார்ப்பது தியேட்டரில், கூட்டத்தோடு. நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காமர்ஸ் படிப்பவனுக்கு இது சுலபமாகப் புரியும். கணக்கில் குறிப்பேடு எழுதுவது மாதிரிதான். தேதி வரிசைப்படி போகவேண்டும், நடுவில் செருகக் கூடாது, அழிக்கவும் கூடாது. (அழிக்காமல் எழுதும் காமர்ஸ் மாணவன் எங்கே இருக்கிறான் என்று கேட்காதீர்கள்.)

பிலிமுக்கு எங்கே போவது? போனே போதும். பல போன்களில் வீடியோ ஓடும்போதே பாஸ் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் அதே வீடியோவில் தொடரும். டைட்டிலைத் தாளில் எழுதி முதல் ஷாட்டாக எடுத்துவிடலாம்.

போன வருடம் அப்பா தன் தையல் கடையை மூடிய அன்று, நானும் நண்பனும் இப்படி ஒன்று எடுத்தோம். முந்தின இரவே 14 ஷாட்டுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தோம். கத்தரி, பாபின், சாக்பீஸ் கோடு போட்ட துணி, கடைசியில் ஷட்டர். எட்டாவது ஷாட்டில் அப்பா ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். மூன்று நொடி என்று திட்டம். நூல் நுழையவே இல்லை. எச்சில் தொட்டு முறுக்கி, மறுபடியும், மறுபடியும். நண்பன் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினான். நான் நிறுத்தவில்லை. ஒன்பதாவது ஷாட்டில் மெஷின் ஓடவேண்டும், நூல் இல்லாமல் எப்படி ஓடும்? 22 நொடி கழித்துத்தான் நுழைந்தது. உடனே நிமிர்ந்து கேமராவையே பார்த்து, "எடுத்துட்டியாடா?" என்கிறார்.

அம்மா இதுவரை ஆறு தடவை பார்த்துவிட்டார். அந்த இடம் வந்தால் ஒவ்வொரு தடவையும், "கண்ணாடிய மாத்துங்க மாத்துங்கன்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்கிறார்.