ப்ரூவுக்குப் பிறகு

'சார்ம்டு' பற்றி யார் பேச்செடுத்தாலும், "ப்ரூ செத்தாள், கதையும் செத்தது" என்று அடித்துச் சொல்வேன். மொத்தம் எட்டு சீசன். நான் பார்த்தது மூன்று. மிச்சத்தைப் பார்க்காமலேயே வருஷக்கணக்காகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பெய்ஜ் ஒட்டவில்லை, பைப்பர் சிடுமூஞ்சியாகிவிட்டாள் என்பதெல்லாம் அங்கே இங்கே காதில் விழுந்தவை. அவற்றை என் சொந்தச் சரக்கு போல விற்றேன்.

1998 முதல் 2006 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் அது. சான் பிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன பழைய வீட்டில் மூன்று சகோதரிகள். பரணில் கிடைத்த மந்திரப் புத்தகத்தைக் கடைக்குட்டி ஃபீபி வாய்விட்டுப் படிக்கப்போக, மூவருக்கும் சக்தி வந்துவிடுகிறது. மூத்தவள் ப்ரூ முறைத்தால் பொருள் நகரும். நடுப்பெண் பைப்பர் கையசைத்தால் காலம் உறையும். ஃபீபிக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும்.

நானும் வீட்டுக்கு மூத்தவள், கீழே இரண்டு தங்கைகள். ப்ரூ ஃபீபியை அதட்டும்போதெல்லாம் எனக்கு ஜென்மம் சாபல்யமானது போல இருக்கும். முதல் எபிசோடிலேயே, தன்னைக் கட்டிக்கொள்ள இருந்தவன் பேச்சை நம்பித் தங்கையைச் சந்தேகப்பட்டவள் அவள். தப்பு ப்ரூ மேல்தான் என்று எழுதியவர்கள் தெளிவாகவே காட்டியிருந்தார்கள். நான் ப்ரூ பக்கம் நின்றேன். அவள் ஏல நிறுவன வேலையை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கியதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்தியதும் என் கண்ணில் படவேயில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதட்டுகிற அக்கா.

2001 மே மாதம் வந்த மூன்றாம் சீசன் கடைசி எபிசோடை ப்ரூவாக நடித்த ஷானன் டோஹர்ட்டியே இயக்கினார். அதோடு தொடரிலிருந்து விலகினார். ப்ரூவும் போய்ச் சேர்ந்தாள். அடுத்த சீசனில், அம்மா ரகசியமாகப் பெற்றுப் பிறர் கையில் ஒப்படைத்த மகளாக பெய்ஜ் வந்தாள். காலியான நாற்காலிக்கு ஆள் பிடித்துவிட்டார்கள் என்று எரிச்சலோடு நிறுத்தினேன்.

துக்கம் தாளவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். பொய். அக்கா இல்லாமலும் அந்த வீடு நடக்கும் என்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தங்கைகள் வாடகைக்கு வீடு பிடித்தபோது, மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவள் நான்.

2024 ஜூலையில் டோஹர்ட்டி இறந்தபோது ஒரு அஞ்சலி எழுதினேன். அதிலும் அதே வரி. படித்துவிட்டுச் சின்னத் தங்கை கேட்டாள்: "நாலாவது சீசன் எப்போ பார்த்தே அக்கா?"

அதற்குப் பிறகுதான் பார்க்க உட்கார்ந்தேன். நாலாவது சீசனின் மூன்றாவது எபிசோடில், உள்ளே அடைத்துவைத்த கோபம் பைப்பரைக் கோர உருவமாகவே மாற்றிவிடுகிறது. ப்ரூவின் கல்லறைக்கு முன்னால் நின்று, என்னை விட்டுவிட்டு எப்படிப் போனாய் என்று கத்துகிறாள். கத்தக் கத்தக் குரல் உடைந்து அழுகையாகிறது. அதுவரை அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் சமாதானம் பேசியே காலந்தள்ளிய பெண் அவள். சமையல்காரியாக ஆரம்பித்து இரவு விடுதி நடத்துகிற அளவுக்கு வந்த பிறகும் நான் அவளைப் பொருட்படுத்தியதில்லை. என் நடுத் தங்கை என்னிடம் இப்படி ஒரு முறையாவது கத்தியிருக்கிறாளா என்று யோசித்தேன். இல்லை. கத்த விட்டதில்லை.

பெய்ஜுக்கும் பொருளை நகர்த்துகிற சக்தி உண்டு. ஆனால் ப்ரூவைப் போல முறைத்தால் நடக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் அது ஒளித்துகளாகக் கலைந்து அவள் கைக்கு வந்து சேரும். ஒரே சக்தியை இரண்டு சுபாவத்துக்கும் ஏற்ப வேறுவேறாகத் தைத்திருக்கிறார்கள். அதிகாரம் பண்ணிப் பழகியவளுக்கு ஒரு பார்வை போதும். புதிதாக நுழைந்தவள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒட்டவில்லை என்று நான் சொல்லித் திரிந்தது இவளைத்தான்.

பின்பாதி முழுக்கப் பிரமாதம் என்றும் சொல்ல மாட்டேன். ஃபீபி பத்திரிகையில் ஆலோசனைப் பத்தி எழுதப் போன பிறகு வரிசைகட்டி வரும் காதலர்கள் சரியான இழுவை. இதையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பார்த்து முடித்ததைச் சின்னவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "அப்போ இத்தனை வருஷமா நீ சொன்னது?" என்று கேட்பாள்.