பாடும் நெருப்பு

நெருப்பைக் கண்ணால் காண்பவர் பலர். காதால் கேட்பவர் சிலரே. விறகடுப்பில் சுடர் திடீரெனச் சீறி ஒலித்தால், ‘அடுப்பு சிரிக்கிறது, விருந்தாளி வரப்போகிறார்’ என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் கூற்று. எம் உம்மாவும் அவ்வாறே சொல்லி, உலையில் ஒரு பிடி அரிசியைக் கூட்டி இடுவார். விருந்தினர் வந்ததும் உண்டு, வாராததும் உண்டு. நெருப்பின் ஒலியைக் கொண்டு வரவிருப்பதை அறியும் அம்முயற்சி இன்று பெரும் ஆய்வுக்கூடங்களில் நிகழ்ந்துவருகிறது. அங்கே எதிர்பார்க்கப்படுபவர் விருந்தினர் அல்லர், பகைவர்.

எம் தமக்கை மகன் வளைகுடா நாடொன்றில், எரிவாயுச் சுழலியால் இயங்கும் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றுகிறான். விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, “அந்த இரைச்சலில் இரவெல்லாம் எப்படி இருக்கிறாய், மருமகனே?” என வினவினோம். “இரைச்சல் இருக்கிறவரைக்கும் பயமில்லை, மாமா. ஒரே சுதியில பாட ஆரம்பிச்சாத்தான் பயம்” என்றான். அருகில் அமர்ந்திருந்த அவன் தாயின் முகம் வாடியது. அவ்விடையின் பொருளைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

சுழலியின் எரியறையில், அமுக்கப்பட்ட காற்றும் எரிபொருளும் கலந்து எரிகின்றன. சுடர் இயல்பாகவே துடிக்கும். அத்துடிப்பால் வெப்பம் கூடியும் குறைந்தும் வெளிப்படும். அதனால் அழுத்த அலைகள் எழும். அவ்வலைகள் அறையின் சுவர்களில் மோதித் திரும்பிச் சுடரை மீண்டும் அசைக்கும். ஊஞ்சல் ஆடும் போக்கிற்கு இசையத் தள்ளினால் ஆட்டம் மேன்மேலும் உயர்வதை நாம் அறிவோம். அதுபோலவே, அழுத்தம் மிகும் கணத்தில் வெப்பமும் மிகுமாயின் அலைவு வளரும். இவ்விதியை 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ரேலி பிரபு வகுத்துரைத்தார். அதற்கு முன்னரே, 1859இல், ஆலந்து நாட்டு இயற்பியலறிஞர் ரைக்கே, இருபுறமும் திறந்த கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியில் வைத்த கம்பி வலையைச் சூடேற்றி, குழாய் உரக்கப் பாடுவதைக் காட்டியிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில் இனிக்கும் அப்பாட்டு, எந்திரத்தில் அழிவாகிறது. இடைவிடாத அதிர்வால் உலோகம் வெடிப்புறும். எரியறையின் உட்சுவர் வெந்து கெடும். உடைந்த துண்டு சுழலியின் அலகுகளில் பாய்ந்தால் எந்திரமே சிதையும். மனிதரைத் திங்களுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ஏவூர்தியின் எஃப்-1 எந்திரமும் 1960களின் தொடக்கத்தில் இவ்வலைவால் பெரிதும் இடருற்றது. எரியும் அறைக்குள் சிறு குண்டுகளை வெடிக்கச் செய்து, எழும் அலைவு தானே அடங்குகிறதா எனப் பொறியாளர்கள் மீண்டும் மீண்டும் சோதித்தனர். தடுப்புத் தகடுகளின் அமைப்பைப் பலமுறை மாற்றியமைத்த பின்னரே அது பணிந்தது.

இக்காலத்தில் இடர் வேறொரு வழியாகவும் வந்துள்ளது. காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் பொருட்டு, காற்று மிகுத்தும் எரிபொருள் குறைத்தும் கலந்து, வெப்பம் தணிந்த சுடராக எரிக்கின்றனர். மாசு குறைகிறது, ஆயின் அத்தகைய சுடர் எளிதில் அலைவுக்கு ஆட்படுகிறது. ஒரு நன்மையைப் பெறச் சென்றவிடத்தில் மற்றொரு காவல் வேண்டியதாயிற்று.

அக்காவலுக்கு வழி தேடியோருள் சென்னை ஐ.ஐ.டி.யின் வான்கலப் பொறியியல் பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தும் அவர்தம் மாணவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். நலமாக எரியும் சுடரின் இரைச்சல் ஒழுங்கற்றது போலத் தோன்றினும், அது கணிதவியலார் ‘கேயாஸ்’ எனக் கூறும் சிக்கலான இயக்கம் என்றும், அச்சிக்கல் குறைந்துவருவதே பேரலைவின் முன்னறிகுறி என்றும் 2013இல் அவர்கள் எடுத்துரைத்தனர். ஒரு கணித அளவையில் 1ஐ ஒட்டியிருக்கும் மதிப்பு, இடர் நெருங்க நெருங்க 0 நோக்கி இறங்குகிறது. இடையில், இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான அதிர்வு சிறிது நேரம் தோன்றி மறைவதும், மீண்டும் தோன்றுவதும் நிகழ்கின்றன. ஓசை உரத்த பின்னர் அறிவது எளிது. ஓசையின் தன்மை மாறும்போதே அறிவதுதான் அரிது.

அவ்வாறு முன்னரே அறிவதால் கிடைப்பது சிறிது நேரமே. எனினும் அந்நேரத்தில் எரிபொருள் விகிதத்தை மாற்றலாம், சுமையைக் குறைக்கலாம். அறியாமல் விட்டால் எந்திரம் கெடும். வீண் எச்சரிக்கைக்கு அஞ்சி நிறுத்தினால், கோடை வெயிலில் ஓர் ஊரின் வீடுகளும் மருத்துவமனைகளும் மின்சாரத்துக்குத் தவிக்க நேரும். இவ்விரண்டிற்கும் நடுவே, நள்ளிரவில், ஏதோ ஒரு தாயின் மகன் திரையை நோக்கி அமர்ந்திருக்கிறான். ஆய்வாளர் ஈட்டித் தரும் ஒவ்வொரு நொடியும் அவனுக்கு அரணாகும்.

மாணவச் செல்வங்களே! தமிழாசிரியராகிய நாம் யாப்பின் ஒழுங்கை நாள்தோறும் போற்றிக் கற்பிக்கிறோம். எரியறையோ, எல்லா ஒழுங்கும் நலத்தின் அடையாளமன்று என்கிறது. பல குரல்கள் கலந்தொலிக்கும் அவையில், திடீரென ஒரே குரல் மட்டும் ஓங்கினால் பெரியோர் செவிசாய்த்துக் கேட்பரல்லவா? அத்தகைய செவியே இங்கும் வேண்டப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல விழைகிறோம். அன்று எம் தமக்கை, “அப்படிப் பாடினால் என்ன செய்வீர்கள்?” என்று மகனிடம் கேட்டார். அவனோ பள்ளியில் தமிழ்வழி பயின்றவன்; ஊஞ்சலையும் சுதியையும் கொண்டே அழுத்த அலைவையும் அதற்குரிய காவலையும் தாய்க்கு விளக்கி முடித்தான். எல்லாம் கேட்டபின் அவர் முகம் தெளிந்தது. தொலைவில் உழைக்கும் மகனின் இடரும் காப்பும் இன்னவை எனத் தாய்க்குப் புரியவைக்கும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. அதனை அறிவியல் நூல்களிலும் வளர்த்தெடுப்பது, இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் ஒருங்கிருந்து ஆற்றவேண்டிய கடமையாகும்.