செல்லாத கல்யாணம்: சில குறிப்புகள்

‘டைவர்ஸ் வேண்டாம் சார். கல்யாணமே செல்லாதுன்னு ஒரு ஆர்டர் வாங்கிக் கொடுங்க.’ பெண்ணைப் பெற்றவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விவாகரத்து என்றால் பெண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிடும். செல்லாது என்று ஆகிவிட்டால் அவள் கல்யாணமே ஆகாதவள், ஜாதகத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு கணக்கு. அந்த ஆர்டரை வாங்க அவள் கூண்டில் ஏறி என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கினால் முகம் மாறும். பாதிப் பேர் மறு வாரம் வருவதில்லை.

*

விவாகரத்து வழக்கு தாலி கட்டிய பிறகு நடந்ததைக் கேட்கிறது. அடித்தாரா, விட்டுப் போனாரா, வேறு தொடர்பு உண்டா. செல்லாது என்று கேட்கும் வழக்குக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். தாலி ஏறிய நேரத்தில் நிலைமை என்ன என்பதுதான் முதல் கேள்வி. அவருக்கு அப்போது இன்னொரு மனைவி இருந்தாளா? உங்களிடம் எதை மறைத்தார்கள்? புருஷன் கொடுமைக்காரன் என்பதற்காக இந்த மனு நிற்காது. தங்கமான மனிதன் மேல் நின்றாலும் நின்றுவிடும். இதைப் புரியவைக்கவே முதல் அரை மணி நேரம் போய்விடுகிறது.

*

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 11, 12 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். 11-இல் வருவது பிறக்கும்போதே உயிரில்லாத கல்யாணம்: ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிருடன் இருக்கும்போது செய்தது, விலக்கப்பட்ட உறவுக்குள் செய்தது, சபிண்ட உறவுக்குள், அதாவது நெருங்கிய ரத்த வழிக்குள் செய்தது. 12-இல் வருவது உயிருள்ள கல்யாணம். பாதிக்கப்பட்டவர் வந்து கேட்டால் கோர்ட் ரத்து செய்யும். கேட்காவிட்டால் கடைசிவரை செல்லும்.

முதல் மனைவி வந்து, ‘என் வீட்டுக்காரர் ரெண்டாவதா கட்டினது செல்லாதுன்னு 11-ல போடுங்க’ என்பாள். போட முடியாது. அந்தக் கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்ட இருவரில் ஒருவர்தான் 11-இன் கீழ் வரலாம். இவளுக்கு, அது செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்கு என்று வேறு வழி உண்டு. இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே கூச்சமாக இருக்கும்.

*

விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் மாமனும் அக்காள் மகளும் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அண்ணன் தங்கை பிள்ளைகளும், அதாவது நம் ஊர் முறைமாப்பிள்ளையும் முறைப்பெண்ணும், அதில் உண்டு. ‘வழக்கம் அனுமதித்தால் தவிர’ என்ற ஒரு துண்டு வாக்கியம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. அது இல்லையென்றால் என் அப்பா அம்மா கல்யாணமே செல்லாது.

*

12-க்குள் நான்கு வாசல். எதிராளியின் ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை காரணமாக தாம்பத்யமே நடக்காதது. சம்மதம் கொடுக்கும் நிலையில் மனம் இல்லாதது, அல்லது கல்யாணத்துக்கே தகுதியில்லாத அளவுக்கு மனநோய். வற்புறுத்தியோ மோசடி செய்தோ வாங்கிய சம்மதம். தாலி கட்டும்போதே பெண் வேறொருவரால் கர்ப்பமாக இருந்தது.

வலிப்பு நோயும் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் இருந்தது. 1999-இல் எடுத்தார்கள். சட்டம் எடுத்தது, பெண் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

கர்ப்பம் பற்றிய வாசலில் நாள்காட்டியே சாட்சி. 1960-களில் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், கல்யாணமான 171-ஆம் நாள் குழந்தை பிறந்தது. முழு வளர்ச்சிக் குழந்தையா குறைமாதமா என்பதே வாதம். டாக்டர்களும் மருத்துவப் புத்தகங்களும் வரிசையாகக் கோர்ட்டுக்கு வந்தன. கணவர் பக்கம் தீர்ப்பானது.

*

‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்.’ அது ‘ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி’ என்று இருந்ததாம், நாம்தான் மாற்றிவிட்டோமாம் என்று மேடையில் சிலர் சமாளிப்பார்கள். என் அனுபவத்தில் பொய்தான் சரியான பாடம்.

எந்தப் பொய் மோசடி? 1976-இல் திருத்தம் வந்தபோது வாசகத்தை விரித்தார்கள்: சடங்கின் தன்மை குறித்தோ, எதிராளியைப் பற்றிய முக்கியமான உண்மை அல்லது சூழ்நிலை குறித்தோ செய்த மோசடி. இந்த ‘முக்கியமான’ என்ற சொல்லில்தான் அத்தனை வக்கீல்களும் குடித்தனம் நடத்துகிறோம். முதல் கல்யாணத்தை மறைத்தது முக்கியம் என்று வாதாடுவது எளிது. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னது, ‘பி.இ.’ என்று போட்டதில் நாலு அரியர் பாக்கி இருந்தது, இதெல்லாம் நீதிபதிக்கு நீதிபதி மாறும். சம்பந்தம் பேசும் வீட்டில் மிகைப்படுத்தாதவர் யார் என்று அவர்களும் வீட்டில் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள்.

இன்னொரு சிக்கல். பொய்யைச் சொன்னது தரகரிடம்; கேட்டது சித்தப்பா; நம்பியது அப்பா; தலையைக் குனிந்தது பெண். யாருடைய சம்மதம் மோசடியில் வாங்கப்பட்டது? இதற்கு 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் பாட்னா உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மாப்பிள்ளைக்கு 25, 30 வயது என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை மகள் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். அவளிடம் நேரே யாரும் சொல்லவில்லை. முக்காடு போட்டு மணையில் உட்கார்ந்தாள். பிறகு பார்த்தால் அவருக்கு 60 தாண்டிவிட்டது. காதில் விழுந்த பேச்சை நம்பிக் கொடுத்த சம்மதமும் மோசடியில் வாங்கியதுதான் என்று நீதிமன்றம் ஏற்றது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. நம் வீடுகளில் பெண்களுக்கு எந்தச் செய்தியும் பக்கத்து அறையிலிருந்துதானே வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த புணே வழக்கு. பெண்ணுக்கு முன்பு வெயில் தாக்கியதில் மனநிலை கொஞ்சம் பாதித்தது, குணமாகிவிட்டது என்று பெண்ணின் தகப்பனார் கல்யாணத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தார். கணவர் அது முழு உண்மையில்லை, மோசடி என்று ரத்து கேட்டார்; இல்லையென்றால் விவாகரத்தாவது, அதுவும் இல்லையென்றால் நீதிமன்றப் பிரிவாவது கொடுங்கள் என்று வரிசையாகக் கேட்டார். மோசடி என்பது எந்தக் கோர்ட்டிலும் எடுபடவில்லை. எழுதி வைத்த ஒரு கடிதம் என்ன வேலை செய்கிறது பாருங்கள். கொடுமை நடந்தது உண்மை என்று ஏற்ற பிறகும், அதை மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்துவிட்டார் என்று கடைசியில் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

*

சேர்ந்து வாழ்வது. இதில்தான் வழக்குகள் சாகின்றன. மோசடியென்றால் அது தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு வர வேண்டும். வற்புறுத்தலென்றால் அது நின்ற நாளிலிருந்து ஓராண்டு. கர்ப்பமென்றால் கல்யாண நாளிலிருந்தே ஓராண்டு. அதோடு, விஷயம் தெரிந்த பிறகு மனம் ஒப்பி ஒன்றாக இருந்திருக்கக் கூடாது. இயலாமைக்கும் மனநோய்க்கும் இந்தக் கெடு இல்லை. ஆனால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள்.

நம் குடும்பங்கள் அந்த ஓராண்டை என்ன செய்கின்றன? முதல் இரண்டு மாதம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. அப்புறம் பெரியவர்களை வைத்துப் பேச்சு. அப்புறம் ஒரு பரிகாரம், திருநள்ளாறோ திருமணஞ்சேரியோ. ‘ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்’ என்று பெண்ணைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. அந்தக் கடைசி வேலைதான் மனுவின் கழுத்தில் கத்தி. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பது ஒரே கேள்வி: ‘விஷயம் தெரிஞ்ச பிறகும் நீங்க அவரோட இருந்தீங்களா இல்லையா?’

*

மருத்துவப் பரிசோதனை. கணவருக்கு இயலாமை என்று மனுப் போட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்கலாம். 2003-இல் உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றது; போக மறுத்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். போனால் வரும் அறிக்கை வழக்கமாக இப்படி முடியும்: ‘இவர் இயலாதவர் என்று கருத எதுவும் தென்படவில்லை.’ டாக்டர் இயலும் என்று சொல்வதேயில்லை, கவனித்தீர்களா. உடம்பு சரியாக இருந்தும் இந்த ஒரு பெண்ணிடம் மட்டும் மனத்தடை என்றாலும் சட்டத்துக்குப் போதும். ஆனால் அதை நிரூபிக்க அவள் வாய்தான் சாட்சி. கதவை மூடிக்கொண்டுதான் விசாரிக்கிறார்கள், 22-ஆம் பிரிவு. மூடிய கதவுக்குள்ளும் நீதிபதி, டைப்பிஸ்ட், இரண்டு வக்கீல், பெஞ்ச் கிளார்க்.

*

குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல. அனுமதி கேட்டுத்தான் நாங்கள் நிற்கிறோம். மனு ‘எச்.எம்.ஓ.பி.’ என்று நம்பர் ஆகும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்திருந்த ஊர், எதிராளி இருக்கும் ஊர் எதிலும் போடலாம். மனைவியாக இருந்தால் தான் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம், இது 2003 திருத்தம். சம்மன் போகும். ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பும். மறுபடி போகும். இருவரும் வந்தால் கவுன்சிலிங். ‘சேர்ந்து வாழுங்களேன்’ என்று ஒரு அம்மா பரிவாகச் சொல்வார். வேறு மனைவி இருக்கிறவனோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று என் கட்சிக்காரப் பெண் திருப்பிக் கேட்டாள். அந்த அம்மாவுக்குப் பதில் இல்லை.

பிறகு எதிருரை, பிரமாண வாக்குமூலம், குறுக்கு, வாய்தா, வாய்தா. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. போட்டே ஆக வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். செல்லாது மனுவுக்கு அந்தத் தடை இல்லை, மறுநாளே போடலாம். ஒரு மனுவுக்குக் காத்திருக்கச் சொல்லும் அதே ஓராண்டுதான் இன்னொன்றுக்கு ஓடச் சொல்லும் ஓராண்டு. இழுத்தடித்து அலுத்து, பாதி வழக்குகள் கடைசியில் 13-பி, பரஸ்பரச் சம்மத விவாகரத்தில் போய் முடிகின்றன. வேண்டாம் என்று தொடங்கிய அதே டைவர்ஸ்.

*

ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்த கல்யாணத்தை சார்பதிவாளர் ரத்து செய்துவிடுவார் என்று நினைப்பவர்கள் உண்டு. பதிவேட்டை வைத்திருப்பவர் அவர், அவ்வளவே. கோர்ட் ஆணை இல்லாமல் நடக்காது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, அதனால் செல்லாது என்பதும் இங்கே ஓடாது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவுப்படி, மோதிரமோ மாலையோ மாற்றிக்கொண்டாலே போதும். வக்கீல் ஆபீசில் நடந்தால் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

*

கத்தோலிக்கக் குடும்பங்களில் வேறு குழப்பம். மறைமாவட்டத் தீர்ப்பாயம் ‘ஆரம்பம் முதலே செல்லாது’ என்று தாள் கொடுத்துவிடும். கோயிலில் மறுபடி ஓலை வாசிக்கலாம். ஆனால் அரசாங்கத்துக்கு அவர் இன்னும் முதல் கல்யாணத்தில்தான் இருக்கிறார். 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கோர்ட்டிலும் வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கதையைச் சொல்லி அழ வேண்டும்.

*

வயது குறைவு என்பது 11-லும் இல்லை, 12-லும் இல்லை. பலருக்கு இது அதிர்ச்சி. குழந்தைத் திருமணம் 2006-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தில் வருகிறது. சிறுமியாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் 20 வயது முடிவதற்குள் வந்து ரத்து கேட்கலாம். 2012-இல் ஜோத்பூரில் ஒரு பெண் கேட்டு வாங்கினாள். அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தபோது வயது 1.

*

பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்பவர் குறைவு. கல்யாணம் செல்லாது, பிள்ளை செல்லும்: 16-ஆம் பிரிவு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தாய் தகப்பனுக்கு வரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் முடிவானது. ஜீவனாம்சமும் அப்படித்தான். ஏமாந்து இரண்டாம் தாரமாக வந்தவளுக்கு ஜீவனாம்சம் இல்லை என்று 1988-இல் கைவிரித்த உச்ச நீதிமன்றம், 2013-இல் உண்டு என்றது; செல்லாத கல்யாணத்துக்கும் கோர்ட் விரும்பினால் நிரந்தர ஜீவனாம்சம் தரலாம் என்று 2025 பிப்ரவரியில் சொன்னது. 37 ஆண்டு.

*

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தும் ஆனதை மறைத்திருக்கிறார்கள். பெண் தெரிந்த அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாளாம், நல்லது. ‘தெரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?’ என்றேன். ‘போன ஆடிக்குத்தான் சார்.’ காலண்டரைப் பார்த்தேன். பதினோரு மாதம் ஓடி, மேலே இருபத்தாறு நாள். நாளைக் காலையில் பத்திரிகை, போட்டோ, ஜாதகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

‘நாளைக்கு அஷ்டமி சார்’ என்றார்.