முத்தியால்பேட்டையில் ஒரு பிரெஞ்சுக் குடிமகன்

நுழையும்முன்

ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர், ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்துகொண்டே இரண்டு நாடுகளின் குடிமக்களாக இருக்க முடியுமா? புதுச்சேரியில் முடிந்தது. வரலாற்று நூல்கள் சில வரிகளில் கடந்துவிடும் ஒப்பந்தம் ஒன்று, ஒரு நெசவாளர் குடும்பத்தின் திண்ணைவரை வந்து சேர்ந்ததை இக்கட்டுரை கூறுகிறது.

பணி ஓய்வு பெற்றபின் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குடியேறி எஞ்சிய காலத்தைக் கழிப்போர் இன்று உலகில் பலர். நடு அமெரிக்காவில், பனாமா நாட்டின் மலையூரான பொக்கேத்தேயில் வட அமெரிக்க முதியவர்கள் பலர் வீடு கட்டி வாழ்கின்றனர். குளிர்ந்த காற்றும், ஓய்வூதியத்துக்குள் அடங்கும் செலவும் அவர்களை அங்கே அழைத்துச் சென்றன. உள்ளூர்ச் சந்தையில் அரைகுறை ஸ்பானிய மொழியில் விலை கேட்கவும், அண்டை வீட்டாரின் திருவிழாவில் கலந்துகொள்ளவும் அவர்கள் முதுமையில் புதிதாகப் பழகுகின்றனர். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய கதை இதற்கு நேர்மாறானது. அவரும் ஓய்வூதியம் பெற்ற அயல்நாட்டவர்தாம். ஆனால், அவர் வந்து குடியேறியது தாம் பிறந்த தெருவிலேயே!

என் தாயாருக்கு உடன்பிறந்தோர் இருவர். அவர்களைப் பெரிய மாமா, சின்ன மாமா என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். தாயார் பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில்; வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். இரண்டும் தறிச் சத்தம் ஓயாத இடங்கள் என்பதால் புகுந்த வீடு தமக்குப் புதிதாகவே தோன்றவில்லை என்பார். கோடை விடுமுறை தொடங்கியதும் நாங்கள் வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் புதுச்சேரிக்குச் செல்வோம். 1760ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்று, தென்னிந்தியா யாருக்கு என்பதை ஏறத்தாழ முடிவுசெய்த இடம் அந்த வந்தவாசி. அங்கே பேருந்து நின்றதும் நாங்கள் அவித்த வேர்க்கடலை வாங்கித் தின்போம். போரைப் பற்றி எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பெரிய மாமா 1948இல், தம் பத்தொன்பதாம் வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். புதுச்சேரித் தமிழில் அத்தகையோரைச் 'சொல்தா' என்பர். கப்பலேறிச் சைகோன் சென்றவர், 1954இல் இந்தோசீனப் போர் முடியும்வரை அங்கிருந்தார், பின்னர் அல்சீரியா. அக்காலத்தில் அப்படையில் அதிகாரி அல்லாதோர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் கிடைத்தது. ஆகவே, மற்றவர்கள் வாழ்வில் காலூன்றத் தொடங்கும் வயதிலேயே சொல்தாக்கள் ஓய்வூதியர்களாகிவிடுவர். மாமா அதன்பின்னும் பிரான்சில் சில ஆண்டுகள் காவலாளியாக வேலை பார்த்துவிட்டு, 1979இல் ஊர் திரும்பினார்.

அவர் ஊரில் இல்லாத காலத்தில், ஊரே நாடு மாறியிருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. ஆனால், சட்டப்படியான உரிமை மாற்றத்துக்குக் காலம் பிடித்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பற்றி அவ்வொப்பந்தம் கூறியதை நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபிறகே முழுமையாகப் படித்தேன். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்பவர் இந்தியக் குடிமகனாகிவிடுவார்; பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதாவது, எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர்; வாளாவிருந்தவர் இந்தியர். ஒரு மனிதனின் நாட்டை அவனது மௌனம் முடிவுசெய்த நிகழ்வு உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று.

பெரிய மாமா அப்போது கடல் கடந்து படையில் இருந்தமையால் அவரது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு இடையூறு நேரவில்லை. சின்ன மாமா ஊரில் இருந்தார். எழுதிக் கொடுக்கும்படி அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். ஆறு மாதம் ஓடிற்று. தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. சோம்பல் என்றார் அண்ணன். காரணம் சோம்பலன்று என்பதை நான் சின்ன மாமாவின் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

எங்கள் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. 1936 சூலை 30ஆம் நாள், புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் இறந்தனர். அன்று வீடு திரும்பிய தாத்தாவின் வேட்டியில் இருந்த குருதி, அவருடையதன்று, அருகில் நின்றவருடையது. அந்த வேட்டியைத் துவைத்தவர் எங்கள் பாட்டி. "அந்தத் துணியைக் கசக்கிய கையைப் பார்த்து வளர்ந்தவன் நான், அவர்களிடம் போய் 'என்னை வைத்துக்கொள்ளுங்கள்' என்று எப்படியம்மா எழுதிக் கொடுப்பேன்?" என்றார் சின்ன மாமா. எட்டு மணி நேர வேலையைத் தொழிலாளர் பெற்றது அப்போராட்டத்தின் பயன் என்பதையும் அவர் தவறாமல் சேர்த்துச் சொல்வார்.

ஆகவே, ஒவ்வொரு சூலையும் எங்கள் தாய்வீட்டில் இரண்டு நாள்கள் வரும். பதினான்காம் நாள் பெரிய மாமாவினுடையது. அது பிரெஞ்சுப் புரட்சியின் நினைவு நாள். முதல் நாள் மாலையே விளக்குகள் ஏந்திய ஊர்வலம் இருக்கும். மறுநாள் காலையில் மாமா கோட்டு அணிந்து, பதக்கங்களை வரிசையாகக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பெற்ற போர் நினைவிடத்துக்குச் செல்வார். முன்னாள் படைவீரர்கள் அணிவகுத்து நிற்பர். மலர்வளையம் வைக்கப்படும். இரண்டு நாட்டுப் பண்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். இரண்டுக்கும் மாமாவின் முதுகு ஒரேபோல் நிமிர்ந்திருந்ததைச் சிறுமியாக நான் கவனித்திருக்கிறேன். பதினாறு நாள் கழித்து முப்பதாம் நாள் வரும். அது சின்ன மாமாவினுடையது. அவர் சட்டையில் பதக்கம் எதுவும் இராது; ஆலைத் தியாகிகளுக்கு மாலையிடச் செல்லும் தோழர்களோடு நடந்துபோவார். ஒருவர் மற்றவரது நாளில் உடன் சென்றதுமில்லை. போகாதே என்று தடுத்ததுமில்லை. அந்த இரண்டு நாள்களிலும் சமையல் பாட்டியின் வீட்டில்தான். அதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பெரிய மாமாவின் அன்றாட வாழ்வு ஒரு கடிகாரம் போன்றது. விடியற்காலையில் கடற்கரை நடை. திரும்பும்போது அடுமனையிலிருந்து நீண்ட பிரெஞ்சு ரொட்டி. அதற்குத் தொட்டுக்கொள்ள அத்தை செய்த மீன்குழம்பு. அக்குழம்பு தாளிக்கும் வெங்காய வடவம், பிரெஞ்சுச் சமையற்காரர் கையில் 'வதுவான்' என்று பெயர் மாறி அந்நாட்டு அடுக்களைகளுக்கும் சென்றுவிட்டது. முற்பகலில் படைவீரர் இல்லத்தில் பழைய தோழர்களோடு சீட்டாட்டம். மாலையில் எஃகுக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் விளையாட்டு. குறிப்பந்துக்கு மிக அருகில் குண்டை நிறுத்துபவர் வெல்வார். விரற்கடை அளவு வேறுபாட்டை அளப்பதற்கு அவர்கள் நடத்திய வாதங்களைச் சட்டமன்றத்தில்கூடக் கேட்க இயலாது. தெருக்கோடியில் சைகோனிலிருந்து வந்த சொல்தாவின் மனைவி ஒருவர் இருந்தார். வியட்நாமியப் பெண்மணி, எங்கள் பாட்டியிடம் தமிழ் கற்று, பாட்டிக்கு 'நெம்' என்னும் சுருட்டுப் பலகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

சொல்தாக்களை ஊரார் கொண்டாடவும் செய்தனர். எள்ளி நகையாடவும் செய்தனர். ஓய்வூதியம் பிராங்கில் வந்தது. அது வரும் வீட்டில் பெண்ணெடுக்கப் போட்டி இருந்தது. அதே தெருவில், ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் அரிசிக்குக் கடன் சொன்ன வீடுகளும் இருந்தன. சின்ன மாமாவின் வீடு அவற்றுள் ஒன்று. அண்ணன் கொடுத்தார், தம்பி வாங்கவில்லை. பிறகு பாட்டியிடம் கொடுக்கப்பட்டது. பாட்டி வழியாகத் தம்பியின் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சட்டையும் வந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பது அனைவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்கும் ஒரு பண்பு வேண்டும். அது அவ்வீட்டில் இருந்தது.

பிரெஞ்சு ஆட்சியில் பெயரும் குடியுரிமையும் ஒன்றோடொன்று பின்னியவை. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிசு உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார். 1881ஆம் ஆண்டின் ஆணை, தம் சமூக மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போருக்குப் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வழிசெய்தபோது, அவர் 'லப்போர்த்து' என்னும் பெயரை எடுத்துக்கொண்டார். 'கதவு' என்பது அதன் பொருள். எங்கள் குடும்பத்தார் பெயரை மாற்றவில்லை. ஆயினும், பெரிய மாமாவின் கடவுச்சீட்டில் அவர் பெயர் பிரெஞ்சு முறைப்படி எழுதப்பட்டு, இறுதியில் ஒலிக்காத எழுத்து ஒன்றைச் சுமந்திருந்தது. தம்பியின் குடும்ப அட்டையில் அவ்வெழுத்து இல்லை. ஒரே தந்தையின் பெயர் இரு தாள்களில் இருவேறு மனிதர்களின் பெயர்போல் இருந்தமையால், பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது பத்திரம் எழுதுபவர் திணறிப்போனார்.

1988இல் நான் கல்லூரி மாணவி. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே வாக்களிக்கச் சென்று வந்தார் பெரிய மாமா. மித்தெரான் வெல்வாரா சிராக் வெல்வாரா என்று படைவீரர் இல்லத்தில் அனல் பறந்த காலம் அது. சின்ன மாமா திண்ணையில் இருந்தபடியே, "அங்கே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்றுகூட உனக்குத் தெரியாது, யாரை அரசாள வைப்பது என்று நீ சொல்கிறாய்!" என்றார். பெரிய மாமா சிரிக்கவில்லை. தெருக்குழாயைக் கைகாட்டினார். "இந்தக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. அதைக் கேட்க எனக்கு ஓட்டு இல்லையடா" என்றார்.

அச்சொற்களில் இருந்த வலியை அன்று நான் முழுதாக உணரவில்லை. அவர் பிறந்தது அந்தத் தெருவில்; அதன் ஒவ்வொரு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு முதலில் நிற்பவர் அவர்; மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர். ஆனால், சட்டத்தின் கண்ணில் அவர் அயல்நாட்டவர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் உள்ள நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஒருவருக்கு, தம் வீட்டுவாயிலின் சாக்கடையைப் பற்றி முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பொக்கேத்தேயின் முதியவர்கள் தேடிப் பெற்ற நிலை இது. மாமாவுக்கோ தேடாமல் வந்தது. எது கடினம் என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். அயலூரில் அயலாராக இருப்பது இயல்பு. சொந்த ஊரில் அவ்வாறு இருப்பதற்கு நாள்தோறும் தனியொரு பொறுமை தேவைப்படுகிறது.

அவருடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துப் பாரிசு நகரின் புறத்தே வேலைகளில் அமர்ந்தனர். ஈராண்டுக்கு ஒருமுறை பெட்டிகளோடு வருவர். பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு பிரெஞ்சிலும் பாட்டியோடு சைகையிலும் பேசுவர். தம்பியின் பிள்ளைகளோ கூப்பிடும் தொலைவில் இருந்தனர். காய்ச்சல் கண்டால் கஞ்சி கொண்டுவந்தவர்களும், இறுதியில் மருத்துவமனையில் இரவு விழித்தவர்களும் அவர்களே. "நீ கையெழுத்துப் போடாதது எனக்குத்தான் நல்லதாயிற்று" என்று பெரிய மாமா ஒருமுறை தம்பியிடம் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. தம்பி பதில் சொல்லாமல் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

பெரிய மாமா மறைந்தபோது பேழையின்மீது மூவண்ணக் கொடி போர்த்தப்பட்டது. நீலம், வெள்ளை, சிவப்பு. பழைய தோழர்கள் பதக்கங்களோடு வந்து நின்றனர். அவர்களுக்குப் பின்னால், தோளில் துண்டோடு சின்ன மாமாவின் ஆலைத் தோழர்கள் நின்றனர். பாடையைத் தூக்கியபோது இருதரப்பாரும் கலந்தே தோள்கொடுத்தனர்.

அத்தைக்கு இப்போது குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்காக ஆண்டுதோறும் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். தனியே செல்ல அவருக்கு இயலாது. சின்ன மாமா வாடகை வண்டி பிடித்து, அண்ணியின் தாள்களைத் துணிப்பையில் அடுக்கிக்கொண்டு உடன் செல்வார். உள்ளே அவருக்கு வேலை இல்லை என்பதால், சாலையோரத்துப் பூவரச மரத்தடியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சென்ற ஆண்டு நானும் உடன் சென்றேன். அத்தை முத்திரையிட்ட தாளோடு வெளியே வந்ததும், மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தமக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பிரெஞ்சு வரிகளின்மேல் விரல் வைத்து, பெயரின் இறுதியில் அந்த ஒலிக்காத எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.