ஓய்வு வேளைக் கொடை

1999-ஆம் ஆண்டு பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியபோது நாங்களும் அதில் சேர்ந்தோம். அரேசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த அலைகள் சிறு சிறு துண்டுகளாக உலகெங்குமுள்ள இல்லங்களுக்கு வரும். நாங்கள் பயன்படுத்தாத வேளையில் எங்கள் கணினி அவற்றை ஆராய்ந்து, வேற்றுலகினரின் குரல் உண்டா எனத் தேடும். 2020 மார்ச்சில் துண்டுகள் வருவது நின்றது. குரல் எதுவும் உறுதிப்படவில்லை.

"கேளாத குரலுக்கு இருபதாண்டு மின்கட்டணமா?" என்றார் எங்கள் தந்தை. மறுக்க இயலவில்லை. ஓய்ந்திருக்கும் கணினியைத்தானே கொடுக்கிறோம் என்பது பாதி உண்மைதான். கணக்கிடும் கணினி கூடுதல் மின்சாரத்தை விழுங்கவே செய்யும்.

அவ்வாண்டே 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு மாறினோம். கொரோனாக் கிருமியின் புரதங்கள் மடங்கி அசையும் விதத்தைக் கணிக்கும் பணி அது. ஓர் இல்லத்துக் கணினி முடித்த இடத்திலிருந்துதான், முகமறியாத வேறோர் இல்லத்துக் கணினி தொடர முடியும்.

மறு ஆண்டு அந்நோயே தந்தையைக் கொண்டுசென்றது. எங்கள் கணக்கு அவருக்கு உதவவில்லை. நால்வர் மட்டுமே கல்லறைத் தோட்டம் சென்று திரும்பினோம். இருண்ட வீட்டில் கணினி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நிறுத்திவிடக் கை நீட்டினோம். திரையில், பணி 63 விழுக்காடு முடிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு விளக்கேற்றினோம்.