ஜவ்வாது மலையில் ஒரு பழைய ஜீப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களைத் தழுவி நீண்டு கிடக்கிறது. ஏற்காட்டையும் ஏலகிரியையும் அறிந்த நம் குடும்பங்களுள் இம்மலையைக் கண்டவை சிலவே. ஆயினும் வட தமிழகத்து வயல்களுக்கு நீரூட்டும் செய்யாறு இங்குதான் பிறக்கிறது. சாமையும் தேனும் பலாவும் புளியும் இங்கிருந்து சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களே இம்மலையின் மைந்தர்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழே.

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில் காவலூர் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்களும் புதர்களும் அடர்ந்த காட்டின் நடுவே, விண்மீன்களை நோக்கும் வான் ஆய்வகம் ஒன்று அங்கு நிற்கிறது. 1960-களின் இறுதியில் வானியல் அறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால் தோன்றியது அது. நம் நாட்டிலேயே உருவாக்கப்பெற்ற 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அங்குத் தொடங்கி வைத்தார். பாப்பு அதனைக் காணும் பேறு பெறாமல் 1982இலேயே மறைந்தார். ஆய்வகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காவலூரைக் கடந்து சென்றால் மலையின் தலையூராகிய ஜமுனாமரத்தூர். அதுவரை நல்ல சாலையே. ஆனால் அங்கிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளுள் சில, கல்லும் சரளையும் மழைநீர் அரித்த பள்ளமுமாய்க் கிடக்கின்றன. அத்தகைய பாதைகளில் ஜீப்பு ஆடம்பரப் பொருளன்று. சாமை மூட்டை சந்தைக்குப் போவதும், மணப்பெண் புகுந்த வீட்டிற்குப் போவதும், நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் அதில்தான். இரண்டாம் உலகப் போருக்கெனப் பிறந்து, 1940-களின் இறுதியில் பம்பாயில் பொருத்தப்படத் தொடங்கிய அவ்வகை வண்டி, நம் மலைநாடுகளில் மூன்று தலைமுறைக்கு உழைத்திருக்கிறது.

நாம் அங்குச் சென்றது மார்கழி மாதத்தில். நண்பர் குடும்பத்தாரோடு ஒரு சிற்றூரில் இரவு தங்கினோம். நம்மை ஏற்றிச் சென்றது நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பெட்ரோல் ஜீப்பு; அதன் ஓட்டுநர் அதைவிட மூத்த ஒரு பெரியவர். மறுநாள் காலையில் மூடுபனி முற்றத்தை மறைத்திருந்தது. மூன்று நாள் காய்ச்சலில் துவண்ட சிறுமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் வந்து நின்றாள். 108 வண்டிக்குச் சொல்லியாயிற்று. ஆனால் அது பெரிய சாலை வரையில்தான் வரும். அதுவரை ஜீப்புதான் கதி. பெரியவர் செல்ஃபை அழுத்தினார். "டக்" என்ற ஓர் ஒலி; அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சுற்றி நின்ற இளைஞர்கள் உடனே தள்ளுவதற்கு முன்வந்தனர். "பொறுங்கள் தம்பிகளா, வண்டி என்ன கேட்கிறது என்று முதலில் பார்ப்போம்," என்றார் அவர். நம் மனமோ சிறுமியின் முகத்தைப் பார்த்துத் துடித்தது. "பெரியவரே, தள்ளிப் பார்த்தால் என்ன?" என்று கேட்டோம். "ஐயா, தள்ளினால் சக்கரம் சுற்றும், இஞ்சினும் சுற்றும். நெருப்பு இல்லையென்றால் சுற்றி என்ன பயன்? பிள்ளைகள் களைத்துப் போவார்கள், வண்டியும் பள்ளத்தில் போய் நிற்கும்," என்று அமைதியாக விடை கூறினார்.

பெட்ரோல் இஞ்சின் ஒன்று உயிர்பெற நான்கு வேண்டும். அது போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். பெட்ரோலும் காற்றும் அளவாய்க் கலந்து வர வேண்டும். அக்கலவை உருளைக்குள் நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய கணத்தில் மின்பொறி விழ வேண்டும். நேற்று மாலை வரை ஓடிய வண்டியில் அழுத்தம் ஒரே இரவில் அழிவது அரிது. எனவே மற்ற மூன்றையும் வரிசையாய் விசாரிக்க வேண்டும்.

முதற்கேள்வி, மின்சாரம் இருக்கிறதா என்பது. பெரியவர் முன்விளக்கை ஏற்றச் சொல்லி, மீண்டும் செல்ஃபை அழுத்தினார். ஒளிர்ந்த விளக்கு அக்கணமே மங்கி அணையும் நிலைக்கு வந்தது. விளக்கு மங்காமலே இருந்து செல்ஃபும் அசையாதிருந்தால், குற்றம் செல்ஃபின் சுவிட்சிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கும். மங்கினால் பாட்டரி வலுவிழந்தது, அல்லது அதன் முனையில் பிடிப்புச் சரியில்லை என்று பொருள். பானட்டைத் திறந்தோம். பாட்டரி முனைகளில் வெண்மையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருந்தது. எர்த் கம்பியை முதலில் கழற்றி, பிறகு மற்றதையும் கழற்றி, தேநீர்ப் பானையிலிருந்த வெந்நீரை ஊற்றிக் கழுவி, கத்தியால் சுரண்டித் துடைத்து, எர்த்தை இறுதியாக வைத்து இறுக்கினார். இப்போது செல்ஃப் விறுவிறுப்பாய்ச் சுற்றியது. ஆனால் இஞ்சின் பற்றவில்லை.

இங்கேதான் பலரும் மனம் தளர்வர். ஒரு குறையை நீக்கியும் வண்டி எழவில்லையெனில், நீக்கியது வீண் என்று எண்ணுவர். பழைய வண்டிகளிலோ சிறு குறைகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்திருப்பது வழக்கம். முதலாவது நீங்கினால்தான் இரண்டாவது முகம் காட்டும்.

இரண்டாங் கேள்வி, பெட்ரோல் வருகிறதா என்பது. பெரியவர் ஒரு பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். அது நனைந்து பெட்ரோல் மணம் வீசியது. பிளக் உலர்ந்திருந்தால் பம்பையும் குழாயையும் கார்புரேட்டரையும் சோதிக்க வேண்டியிருக்கும். நனைந்திருந்ததால் பெட்ரோல் வந்துவிட்டது, பொறிதான் வரவில்லை என்று துணிந்தார். பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி, ஒன்றை அதன் கம்பியில் மாட்டி, பெட்ரோல் படாத இடத்தில் இஞ்சின்மேல் கிடத்திச் செல்ஃபை அழுத்தச் செய்தார். நல்ல பொறி நீலமாய்ச் சடசடவென்று பாயும். அங்கோ மஞ்சளாய் ஒரு மின்மினி தோன்றி மறைந்தது.

மூன்றாவதாக டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உட்புறம் முழுவதும் பனித்துளி! மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் ஈரத்தின் வழியே கசிந்து போயிருக்கிறது. உலர்ந்த துணியால் மூடியையும் ரோட்டாரையும் துடைத்தார். கறுத்திருந்த பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்தார். பலமுறை அழுத்தியதால் பாட்டரி சோர்ந்திருந்தது. எனவே கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, முன்புறம் ஹாண்டிலைச் செருகினார். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே மடக்கிக்கொண்டார். இஞ்சின் திடீரென்று எதிர்த்து உதைத்தால், எதிர்ப்பக்கம் நீட்டிய கட்டைவிரல் முறிந்துவிடும். ஒரே இழுப்பில் ஜீப்பு உறுமி எழுந்தது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். பெரிய சாலையில் 108 வண்டி காத்திருந்தது. சிறுமி இரண்டே நாளில் நலமாய் வீடு திரும்பினாள் என்று பின்னர் அறிந்து மகிழ்ந்தோம்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள் இவ்வரிசையை நினைவிற் கொள்வது நலம். காலையில் ஈரம் செய்யும் வேலையை, கோடையில் வெப்பம் வேறு விதமாய்ச் செய்யும். மலையேறிக் கொதித்த இஞ்சினை நிறுத்திவிட்டு உடனே எழுப்பினால் எழாது. குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுச் சற்று நேரம் ஆறவிட்டாற் போதும். சோக்கை மிகுதியாய் இழுத்து, பெட்ரோல் நாற்றம் வீசினால், சோக்கைத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி சுற்றுங்கள். மிகுந்த பெட்ரோல் வெளியேறும். டீசல் வண்டிக்குப் பிளக்கில் பொறியே இல்லை. அங்கே எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்த்து, அதை வெளியேற்ற வேண்டும்.

இக்காலத்திற்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென அமைக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் நலியச் செய்யும். நெடுநாள் நின்ற பழைய வண்டி எழாவிட்டால், குழாய்கள் வெடித்தோ ஊறியோ இருக்கின்றனவா என்பதையும் காணுங்கள். பாட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து எழும் வாயு வெடிக்கக்கூடியது. உலோக வளையலும் மோதிரமும் கழற்றிவிட்டே கைவையுங்கள்.

மலைக்குப் போகுமுன் உலர்ந்த துணி, உப்புத்தாள், பிளக் கழற்றும் சாவி, ஒரு பழைய பிளக், சிறு கை விளக்கு ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக்கொள்ளுங்கள். பாட்டரி முனைகளைத் துடைத்துச் சிறிது வாசலின் தடவி வையுங்கள். பனிக்காலத்தில் இரவு தங்கினால் பானட்டின்மேல் ஒரு சாக்கைப் போர்த்துங்கள். ஜவ்வாது மலையின் மூத்த ஓட்டுநர்கள் வண்டியை எப்போதும் இறக்கத்தை நோக்கி நிறுத்தி, சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டே உறங்கச் செல்கின்றனர். பாட்டரி கைவிட்டாலும் மலைச்சரிவு கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.